வேரில் பழுத்த பலா, கொம்பில் தொங்கும் பலா
சங்கப் பாட்டின் உட்பொருளுக்குத் திறவுகோல் எல்லையோரத் தமிழர் கையில்

"மேனேஜர் பச்சைக்கொடி காட்டிவிட்டார்" என்று ஒரு தொழிலாளி வந்து சொன்னால், "எந்த ஸ்டேஷனில்?" என்று யாரும் கேட்பதில்லை. "பேச்சுவார்த்தை தடம் புரண்டது" என்று பத்திரிகையில் படித்தால், எத்தனை பெட்டிகள் கவிழ்ந்தன என்று எவரும் விசாரிப்பதில்லை. "இரண்டு நாளாக அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை" என்று கேள்விப்பட்டால், தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் கிடையாது. அரிசியைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

சொன்ன சொல் ஒன்று. விளங்கிக்கொண்ட பொருள் வேறு. நடுவில் எந்த உரையாசிரியரும் வந்து விளக்கம் சொல்லவில்லை. கொடியையும் தண்டவாளத்தையும் அடுப்பையும் எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அதனால் பொருள் தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவு சுலபமாக உட்பொருள் காணத் தெரிந்த அதே மனிதரிடம், மகனுடைய தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு சங்கப் பாட்டைக் காட்டினால் என்ன சொல்கிறார்? "அதெல்லாம் புலவர்கள் சமாச்சாரம். நமக்கு எட்டாது" என்கிறார். மகனோ உரைநூலைப் புரட்டி, அதில் உள்ள நான்கு வரிப் பொழிப்புரையை மனப்பாடம் செய்கிறான். பரீட்சை முடிகிறது. பாட்டும் மறந்துபோகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பாட்டின் பூட்டைத் திறக்கும் சாவி, பல நேரங்களில், "நமக்கு எட்டாது" என்று சொன்னவரின் மடியிலேயே இருக்கிறது!

எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம்

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, மலைகளின் மேலும் வயல்களின் ஊடேயும் ஒரு கோடு விழுந்தது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. இடுக்கிப் பக்கம் மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, பீர்மேடு, குமுளி. கோட்டுக்கு மேற்கே இருந்தாலும் இந்த ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் தமிழே வீட்டு மொழி. பிள்ளைகள் படிக்கத் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கிறது.

சங்கப் பாடல்களில் வரும் மலையும் மூங்கிலும் யானையும் வேங்கை மரமும் பலாவும் சென்னை மாணவனுக்குப் படத்தில் பார்க்கும் பொருள்கள். இங்கே உள்ளவர்களுக்கோ அவை வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்படுகிறவை. யானை எப்படி மூங்கிலை ஒடிக்கும், பலா மரத்தில் காய் எங்கே பிடிக்கும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அறிவுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிறையவே உண்டு.

மயிலிறகும் வண்டி அச்சும்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த திருக்குறளிலிருந்து தொடங்கலாம். 475-வது குறள். மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும், அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்பது அதன் கருத்து. குறளில் வேறு ஒன்றும் இல்லை. வண்டி, மயிலிறகு, அச்சு. அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் குறள் இருக்கும் அதிகாரம் "வலியறிதல்". அரசன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம். அங்கே வந்து வள்ளுவர் ஏன் வண்டியைப் பற்றிப் பேச வேண்டும்? தனித்தனியே அற்பமாகத் தோன்றும் பகைவர்கள் ஒன்று சேர்ந்தால் பலசாலியும் முறிந்துபோவான் என்பதை, அரசனையும் பகைவனையும் பெயர் சொல்லாமலே சொல்லிவிட்டார். இலக்கணக்காரர்கள் இதற்குப் "பிறிதுமொழிதல் அணி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விளங்க வைப்பது என்று பொருள்.

வாளையாறு சாலையில் பாரம் தாங்காமல் அச்சு முறிந்து நிற்கும் லாரியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறள் விளங்காமல் போகுமா? கூட்ஸ் வாகனின் பக்கவாட்டில் எத்தனை டன் ஏற்றலாம் என்று எழுதி வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தானே!

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். வள்ளுவர் ஏன் மயிலிறகைச் சொன்னார்? கருங்கல் என்று சொல்லியிருக்கலாமே? கல் ஏற்றினால் அச்சு முறியும் என்பது எவருக்கும் தெரியும். அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை. இறகு என்றதும்தான், "இது என்ன செய்துவிடும்?" என்ற அலட்சியம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அலட்சியம்தான் அச்சை முறிக்கிறது.

"ஏன் இந்தப் பொருள்? ஏன் வேறு ஒன்று இல்லை?" உட்பொருள் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

தொல்காப்பியர் வகுத்த வழி

ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிடுவதற்கு நான்கு அடிப்படைகளைத் தொல்காப்பியர் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்யும் செயல், விளையும் பலன், வடிவம், நிறம். "புலிபோலப் பாய்ந்தான்" என்றால் செயல். "பவளம் போன்ற வாய்" என்றால் நிறம். இவை வெளிப்படையான உவமைகள். "போல" என்ற சொல்லே வழிகாட்டிவிடும்.

"போல" என்பதையும் எடுத்துவிட்டு, "அவன் ஒரு புலி" என்றால் அது உருவகம். இதுவும் சுலபம்தான்.

அகப்பாட்டில் வரும் மூன்றாவது வகை "உள்ளுறை உவமம்". இதில் உவமை என்று ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது. காதலனுடைய மலையில் இன்ன மரம் இருக்கிறது, இன்ன மிருகம் இன்னது செய்கிறது என்று இயற்கையை வருணிப்பதுபோல் இருக்கும். அந்த வருணனைக்குள்ளேயே மனிதர்களின் கதை ஒளிந்திருக்கும். ஒரு நிலத்துக்கு உரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்பார்கள். அந்தக் கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றை வைத்து உள்ளுறை அமைய வேண்டும் என்பது தொல்காப்பிய விதி.

அப்படியானால் உள்ளுறையைப் பிடிக்க வேண்டுமென்றால் மரத்தின் குணமும் மிருகத்தின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு அது வெறும் வருணனை. தெரிந்தவனுக்கு அது செய்தி.

ஒற்றை ஏர்க்காரனின் தவிப்பு

கேரளத்தில் கரிசல் மண் அபூர்வம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் அது இருக்கிறது. அங்கே விவசாயம் செய்கிறவர்களுக்கு "பதம்" என்றால் என்ன என்று தெரியும். மழை பெய்த உடனே ஏர் பூட்டினால் மண் அப்பிக்கொள்ளும். தாமதித்தால் இறுகிவிடும், கொழு இறங்காது. நடுவில் கிடைப்பது சில நாள்தான்.

குறுந்தொகையில் 131-வது பாட்டு. அயலூரில் வேலை முடித்து ஊர் திரும்பும் ஒருவன் பேசுகிறான். அவள் இருக்கும் ஊரோ வெகு தொலைவு, வழியும் கடினம். தன் நெஞ்சு படும் அவசரத்துக்கு அவன் ஓர் உவமை சொல்கிறான்: ஈரம் பட்ட நிலத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒற்றை ஏர் உழவன்.

"ஒரே ஒரு ஏர் வைத்திருக்கும் உழவன்" என்று அகராதி சொல்லிவிடும். சொல்லாமல் விட்டதை உழவன்தான் சொல்ல முடியும். ஈரம் காத்திருக்காது. பக்கத்து வயல்காரனுக்கு மூன்று ஏர் இருக்கலாம். அவனிடம் இரவல் கேட்கலாமா என்றால் முடியாது. மழை ஊருக்கே பெய்திருக்கிறது. எல்லோர் நிலத்துக்கும் ஒரே நேரத்தில் பதம் வந்திருக்கிறது. எவனும் ஏரைக் கடன் கொடுக்க மாட்டான். உள்ளதை வைத்துக்கொண்டு தானே ஓட வேண்டும். இன்றைக்கு வாடகை டிராக்டருக்காக வரிசையில் காத்து நிற்பவருக்கும் இதே தவிப்புதான்.

பொங்கலுக்கு மூன்று நாள் லீவு வாங்கிக்கொண்டு, கூட்டம் வழியும் ரயிலில் நின்றபடியே ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்க ஓர் ஆசிரியர் தேவையா?

இந்தப் பாட்டை எழுதியவரின் சொந்தப் பெயர் தெரியவில்லை. அந்த உவமையை வைத்தே "ஓரேருழவனார்" என்று பெயர் கொடுத்துவிட்டார்கள் நம் முன்னோர்கள். ஓர் உவமைக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்!

இரண்டு பலாப்பழங்கள்

பலாவை மாநிலப் பழமாகக் கேரள அரசு 2018-ல் அறிவித்தது. பலா எங்கே காய்க்கும் என்று இடுக்கி மாவட்டத்தில் ஒரு சிறு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மாங்காய்போல் நுனிக் கொம்பில் காய்ப்பதில்லை. அடிமரத்தில் காய்க்கும்; பருத்த கிளைகளில் காய்க்கும்; சில மரங்களில் மண்ணைத் தொட்டுக்கொண்டு வேரடியிலேயே காய்க்கும். அத்தனை பெரிய பழத்தைத் தாங்க அத்தனை பலம் வேண்டும் அல்லவா?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கபிலரின் பாட்டுக்கு வருவோம். குறுந்தொகை 18. இரவில் ரகசியமாக வந்து காதலியைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் காதலனைத் தோழி வழிமறித்துப் பேசுகிறாள். மூங்கில் வேலிக்குள் வேரில் பலா பழுத்திருக்கும் மலைச்சாரலைச் சேர்ந்தவனே என்று அழைக்கிறாள். பிறகு, சின்னக் கொம்பில் ஒரு பெரிய பழம் தொங்குவதுபோல், இவளுடைய உயிர் மிகச் சிறியது. காதலோ மிகப் பெரியது என்கிறாள்.

பெரும்பாலான மாணவர்கள் சின்னக் கொம்பு, பெரிய பழம் என்ற உவமையை மட்டும் எழுதிவிட்டு மார்க் வாங்கிக்கொள்கிறார்கள். முன்னால் வந்த வேர்ப்பலாவை, "மலைநாட்டுத் தலைவனே" என்ற விளியாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பலா மரத்தை அறிந்தவர் அப்படித் தாண்ட மாட்டார். "பாட்டில் ஏன் இரண்டு பழங்கள்?" என்று நின்று யோசிப்பார்.

வேரில் பழுத்த பழம் கீழே விழுந்து சிதறாது. ஏற்கெனவே தரையில்தானே இருக்கிறது! சுற்றிலும் வேலி வேறு. நாளைக்கு எடுக்கலாம், நாலு நாள் கழித்தும் எடுக்கலாம். அது காதலனுடைய ஊர்ப் பழம். அவனுக்கு அவசரம் இல்லை.

கொம்பில் தொங்கும் பழம் அப்படியா? ஒவ்வொரு நாளும் பழம் கனத்துக்கொண்டே போகிறது. கொம்போ கனப்பதில்லை. வேலியும் கிடையாது. என்றைக்கு முறியும் என்று யார் கண்டது? அது காதலியின் நிலை.

தோழி வாயால் சொன்னது இவ்வளவுதான். கல்யாணம் என்ற சொல்லே பாட்டில் இல்லை. ஆனாலும், "உன் சௌகரியத்துக்கு இது காத்திருக்காது, சீக்கிரம் மணம் பேசி வா" என்ற செய்தி காதலனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனும் மலைக்காரன்தான், பலாவை அறிந்தவன்.

யானை கைவிட்ட மூங்கில்

குறுந்தொகை 54-வது பாட்டிலும் மலைக்காட்சிதான். தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்ட காட்டு யானை, தின்பதற்காக வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட்டுவிடுகிறது. மூங்கில், மீன் சிக்கியதும் சுண்டி இழுத்த தூண்டில்போல் விர்ரென்று மேலே எழும்புகிறது. அப்படிப்பட்ட காட்டுக்குரியவனோடு என் நலம் போய்விட்டது, நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்கிறாள் தலைவி.

யானை மூங்கில் தின்னும் இடங்களைக் கடந்து போகிறவர்கள், வளைந்த கழை விடுபட்டதும் எவ்வளவு வேகத்தில் நிமிரும் என்று அறிவார்கள். ஆசையோடு பற்றியவன், வெளியே ஏதோ சத்தம் கேட்டதும் பயந்து கைவிட்டான். அந்தச் சத்தம் ஊராரின் பேச்சு என்று கொள்ளலாம். விட்ட வேகத்தில் அவன் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான். அந்தத் தூண்டிலில் மாட்டிய மீன் எது? அவளுடைய நலம்தான்.

தலைவி அவனை ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை. அவனுடைய காட்டைத்தான் வருணித்தாள். வருணனையே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

இதை எழுதியவருக்கும் உவமையே பெயராக நின்றுவிட்டது: மீனெறி தூண்டிலார்.

யாரிடம் சொல்வது, யாருக்குச் சொல்வது?

மாமியார் மருமகளிடம் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார். தன் மகளைப் பார்த்து, "ஏண்டி, விளக்கு வைத்த பிறகா வீடு பெருக்குகிறாய்?" என்பார். மகள் துடைப்பத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள். யாருக்குச் சொன்னது என்று மருமகளுக்குத் தெரியும்.

குறுந்தொகை 47-வது பாட்டு இந்த வகை. தோழி நிலாவைப் பார்த்துப் பேசுகிறாள். கரிய பாறையின் மேல் வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. பார்த்தால் பெரிய புலியின் குட்டிபோல் இருக்கிறது. அப்படிப்பட்ட காட்டு வழியில் இரவில் வருகிறவருடைய களவொழுக்கத்துக்கு, நிலாவே, நீ நல்லது செய்யவில்லை என்கிறாள்.

நிலாவுக்குக் காது உண்டா? பக்கத்தில் மறைந்து நிற்கும் காதலனுக்கு உண்டு! வெளிச்சத்தில் உன்னை ஊர் பார்த்துவிடும் என்பது முதல் செய்தி. வேங்கைப் பூ மஞ்சள், பாறை கறுப்பு. கல்லே புலிக்குட்டியாகத் தெரிகிற காட்டில் உண்மையான புலியும் இருக்கும். குட்டி இருந்தால் தாய் தூரத்தில் இருக்காது என்பது இரண்டாவது. இரவில் திருட்டுத்தனமாக வருவதை விட்டுவிட்டு, பகலில் பத்துப் பேர் அறியப் பெண் கேட்டு வா என்பது மூன்றாவது. மூன்றையும் நிலாவின் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டாள் கெட்டிக்காரத் தோழி.

"யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்கிறார்?" இது இரண்டாவது கேள்வி. பாட்டுக்குக் கீழே "துறை" என்று ஒரு குறிப்பு இருக்குமே, அது இந்தக் கேள்விக்கு விடை. அதைப் படிக்காமல் பாட்டைப் படிப்பது, டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் ரயில் ஏறுவதுபோல.

வேங்கை நிழலில் கண்ணகி

வேங்கை மரம் என்றதும் குமுளிப் பக்கத்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவு வரும். இடுக்கி, தேனி மாவட்ட எல்லையில், பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் மங்கலதேவி மலை இருக்கிறது. அங்குள்ள பழைய கோயிலைக் கண்ணகி கோயில் என்று மக்கள் வழிபடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, இரு மாநிலத்தாரும் மலையேறுகிறார்கள்.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியை மலைக்குறவர்கள் ஒரு வேங்கை மரத்தின் நிழலில் கண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காட்டில் எத்தனையோ மரங்கள் இருக்க, இளங்கோவடிகள் வேங்கையை ஏன் நிறுத்தினார்?

சங்க இலக்கியத்தில் வேங்கை பூக்கும் காலம் மலைநாட்டின் கல்யாண காலம். தினை முற்றும், காவல் முடியும், மணம் பேசுவார்கள். அந்த மணமரத்தின் கீழே கணவனைப் பறிகொடுத்தவள் வந்து நிற்கிறாள். அங்கிருந்துதான் கணவனோடு சேர்ந்து விண்ணுலகம் போகிறாள். இளங்கோ விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. மரத்தை மட்டும் நட்டு வைத்தார். அறிந்தவர்களுக்கு அந்த நிழல் சுடும், பிறகு குளிரும்.

எதுவரை போகலாம்?

உட்பொருள் காண்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. இல்லாததையெல்லாம் கற்பித்துக்கொண்டு போகக் கூடாது.

மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. குறுந்தொகை 3-வது பாட்டில் ஒரு தலைவி, தன் காதல் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று சொல்லி, கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு தேன் சேர்க்கும் மலைநாடனோடு கொண்ட காதல் அது என்கிறாள்.

"ஆகா, 12 வருஷம் காத்திருந்து சேர்த்த தேன்போல அரிய காதல்!" என்று உடனே சொல்லத் தோன்றும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில் 12 ஆண்டுக் கணக்கு எங்கே? குறிஞ்சியில் பல வகை உண்டு. பாட்டில் உள்ளது நீலக்குறிஞ்சிதான் என்று அடித்துச் சொல்லப் பாட்டில் ஆதாரம் இல்லை.

பாட்டில் உள்ளது கரிய கொம்பு, பூ, தேன். இவற்றைக் கொண்டே போதுமான தூரம் போகலாம். ஒரு பூவில் கிடைப்பது ஒரு துளி. துளித்துளியாகச் சேர்ந்துதான் தேனடை நிறைகிறது. நிலம், வானம், கடல் என்று அளந்த காதலும் ஒரே நாளில் வந்ததல்ல என்று புரிந்துகொள்ள அது போதும். அதற்கு மேல் 12 ஆண்டைச் சேர்ப்பது படிப்பவருடைய கற்பனை. வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேவகுலத்தார் சொன்னதாகச் சாட்சி சொல்லக் கூடாது.

"நான் சொல்லும் பொருளுக்குப் பாட்டில் எந்தச் சொல் ஆதாரம்?" இது மூன்றாவது கேள்வி. மற்ற இரண்டைவிட இதுவே முக்கியம்.

அணில் விளையாடும் முற்றம்

குறுந்தொகை 41-ல் ஒரு பெண், காதலன் உடன் இருந்தால் திருவிழாக் கொண்ட ஊர்போல் மகிழ்கிறாள். பிரிந்தாலோ, மக்கள் விட்டுப்போன சிற்றூரில் முற்றத்தில் அணில் விளையாடும் தனி வீடுபோல் ஆகிவிடுகிறாள்.

அணில் சும்மா வருமா? பிள்ளைகள் ஓடுகிற முற்றத்தில் அது இறங்காது. அணில் பயமில்லாமல் விளையாடுகிறது என்றால், விரட்ட ஆள் இல்லை என்று அர்த்தம். "யாரும் இல்லை" என்று சொல்வதைவிட "அணில் இருக்கிறது" என்று சொல்வதில் துக்கம் அதிகம். இதைப் பாடியவர் பெயர் அணிலாடு முன்றிலார் என்றே நிலைத்துவிட்டது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பூட்டிய வீட்டை ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கிறவர்கள் இந்தப் பேப்பரைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர். எஸ்டேட் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டிய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அந்த முற்றம் தெரியும். அந்த அணிலையும் தெரியும்.

பாட்டியும் பேரனும்

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள்தான். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1937-ல் விரிவான உரையோடு பதிப்பித்தார். கடினச் சொற்களுக்கு அந்த உரை துணை நிற்கும். சொற்பொருள் தெரிந்த பிறகு மிச்சம் இருப்பது அனுபவத்தின் வேலை.

அந்த அனுபவம் இன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. காட்டையும் மண்ணையும் அறிந்த பாட்டிக்கு எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்த பேரன் உரைநூலில் மூழ்கியிருக்கிறான். பலாப்பழம் அவனுக்குத் தட்டில் உரித்து வைத்த சுளை. பாட்டி காலத்தோடு அவர் அறிந்ததும் போய்விட்டால், பிறகு அந்தப் பாட்டுகளில் பொழிப்புரைதான் மிஞ்சும்.

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் இன்னதென்று தெரிவிக்கக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று அந்நூலின் பழைய குறிப்பு கூறுகிறது. வேற்று மொழிக்காரருக்குத் தமிழின் அருமையைக் காட்ட நினைத்தவர், ஒரு மலைச்சாரலுக்கு அழைத்துப் போய் 99 பூக்களைப் பெயர் சொல்லிக் காட்டினார். பொருளை அறிந்தால்தான் பொருள் விளங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே!

செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. சாயங்காலம் பேரன் பாடப் புத்தகத்தில் உள்ள பாட்டை உரக்கப் படிக்கட்டும். சொற்பொருளை அவன் சொல்லட்டும். பிறகு உரைநூலை மூடிவைத்துவிட்டு, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்கட்டும்: "பாட்டி, வேரில் பழுத்த பலாவுக்கும் சின்னக் கொம்பில் தொங்கும் பலாவுக்கும் என்ன வித்தியாசம்?"

பதிலுக்கு ஆரம்பத்தில் ஒரு சிரிப்புத்தான் வரும். பிறகு எந்த மரம், எந்த வருஷம், எப்படி முறிந்தது என்று ஒரு கதையே வரும். அந்தக் கதை முடியும்போது, தோழி எதற்காகக் காதலனை வழிமறித்தாள் என்பது பேரனுக்குத் தானே தெரிந்துவிடும்.